பொறி மூடும் முன் செடி எதிர்பார்க்கும் சான்று: பூச்சியுண்ணித் தாவரங்களில் செய்து பார்த்த சோதனைகள்

பூச்சியுண்ணித் தாவரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவற்றின் வேகமே முதலில் வியக்கப்படுகிறது. அவற்றைத் தொட்டியில் வளர்த்து, தூரிகையின் ஒற்றை மயிரால் தொட்டும், சொட்டுக்குழலால் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் இட்டும், உருப்பெருக்குக் கண்ணாடி வழியாக நாள்தோறும் பார்த்தும் வந்தபின், வேகத்தைவிட அவற்றின் சிக்கனமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைந்த சதுப்பு நிலத்தில் வாழும் செடிக்கு ஒவ்வொரு பொறியும் ஓர் இலையின் உழைப்பு. நொதிகளைச் சுரப்பதும் செலவு, மூடிய இலையில் ஒளிச்சேர்க்கை குறைவதும் இழப்பு. ஆகவே, சிக்கியது உணவுதான் என்பதற்குச் செடி எவ்வகைச் சான்றை எதிர்பார்க்கிறது என்பதையே இச்சோதனைகளின் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். நான்கு வகைச் செடிகளைத் தேர்ந்தேன்: வீனஸ் ஈப்பொறி எனப்படும் டயோனியா, பசைத்துளிகள் கொண்ட டிரோசீரா கேப்பென்சிஸ், குடுவைச் செடியான நெப்பந்தஸ் வெண்ட்ராட்டா என்னும் கலப்பினம், நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா கிப்பா.

சோதனைக்கு முன்னர் செடிகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அதற்கு நீரே முதன்மையானது. மழைநீரையோ ஆர்ஓ வடிகட்டியில் கிடைக்கும் நீரையோ மட்டும் ஊற்றினேன். கரைந்த உப்பின் அளவு 50 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்பதை டிடிஎஸ் மீட்டரால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன். டயோனியாவுக்கும் டிரோசீராவுக்கும் பீட் பாசியும், பெர்லைட் என்னும் இலேசான எரிமலைப் பாறைத் துகளும் சம அளவில் கலந்த கலவை, அடியில் எப்போதும் சிறிது நீர் நிற்கும் தட்டு. நெப்பந்தஸுக்கு வேர்களைச் சுற்றிக் காற்று புக வேண்டும் என்பதால் ஸ்பேக்னம் பாசியில் நட்டு, தட்டு நீரில் நிறுத்தாமல் மேலிருந்து ஊற்றினேன். உரம் எதற்கும் இடவில்லை. நேரடி வெயில் கிடைத்த இலைகளில்தான் டயோனியாவின் உட்புறம் சிவந்தது, டிரோசீராவின் துளிகளும் பருத்தன. நிழலில் இருந்த இலைகள் பச்சையாகவே நின்றுவிட்டன, துளிகளும் அற்றுப்போயின. இச்செடிகளை வாங்க விரும்புவோர், விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வந்தவற்றை மட்டுமே வாங்குமாறு வேண்டுகிறேன். டயோனியா இயற்கையில் வளரும் இடம் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி மட்டுமே. திருட்டு மிகுந்ததால், காட்டிலிருந்து அதைப் பிடுங்குவதை வட கரோலினா 2014 டிசம்பர் முதல் கடுங்குற்றமாக்கியிருக்கிறது.

டயோனியாவில் தொடங்கினேன். அதன் பொறி, நடுநரம்பில் இணைந்த இரு மடல்கள் கொண்ட இலை. ஒவ்வொரு மடலின் உட்பரப்பிலும் வழக்கமாக மூன்று உணர்மயிர்கள் முக்கோணமாக நிற்கின்றன. கண்ணாடியை நெருக்கி வைத்துப் பார்த்தால், மயிர் தன் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒடுங்கியிருப்பது தெரியும். தூரிகை மயிரால் மெல்லத் தள்ளும்போது தண்டு முழுதும் வளைவதில்லை, அந்த ஒடுக்கத்தில் மட்டும் மடிகிறது. தொடுதலை உணரும் செல்கள் இருப்பதும் அங்கேதான். மடலின் உட்பரப்பு முழுவதும் சிவந்த செரிமானச் சுரப்பிகள் புள்ளிகளாக நெருங்கியிருக்க, விளிம்புப் பற்களுக்குச் சற்று உள்ளே ஒரு வெளிர் பட்டை ஓடுகிறது. தேன் சுரப்பது அப்பட்டையில். அங்கே நக்க வரும் எறும்போ சிலந்தியோ இன்னும் சிறிது உள்ளே காலை நீட்டினால் உணர்மயிரைத் தொடாமல் தப்புவது கடினம். இலையிலிருந்து பழத்தின் மணத்தை ஒத்த ஆவிப்பொருள்களும் வெளியாகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது, எனினும் மனித மூக்குக்கு அது எட்டவில்லை.

ஒரு மயிரை ஒருமுறை தொட்டேன். இலை அசையவில்லை. சில விநாடிகளில் மறுபடி தொட்டபோது மடல்கள் மூடின. வேறொரு இலையில் முதல் தொடுதலுக்குப்பின் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்து தொட்டபோது, அது முதல் தொடுதலைப்போலவே வீணாயிற்று, அதைத் தொடர்ந்து விரைவில் கொடுத்த தொடுதலுக்கே இலை மூடியது. ஏறத்தாழ 20 விநாடிக்குள் இரண்டு தொடுதல் என்பது பொதுவான அளவு. இச்சோதனையைக் காலையில் செய்வது நல்லது, ஏனெனில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரே தொடுதலுக்கும் இலை மூடிவிடக்கூடும். காற்றில் உதிரும் சருகும் மழைத்துளியும் ஒருமுறை தட்டிவிட்டுப் போகும். உயிருள்ளது மட்டுமே விட்டு விட்டு அசையும். செடி கேட்கும் முதல் சான்று இந்த இரண்டாம் தொடுதல்.

முதல் தொடுதலைச் செடி எங்கே நினைவில் வைக்கிறது என்ற கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1873-இல் ஆங்கில உடலியலாளர் ஜான் பர்டன் சாண்டர்சன், சார்லஸ் டார்வின் தூண்டுதலின்பேரில், இவ்விலையைத் தொட்டால் விலங்கின் நரம்பில் ஓடுவதைப் போன்ற மின்குறிப்பு எழுவதை அளந்து காட்டினார். 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கால்சியம் பெருகும்போது ஒளிரும் புரதத்தை டயோனியாவில் மரபணு வழியே புகுத்தி, அந்நினைவையே கண்ணால் பார்த்தார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் இலைச் செல்களில் கால்சியம் உயர்ந்து, பின்னர் மெல்ல வடிகிறது. அது வடிந்துபோவதற்குள் இரண்டாம் தொடுதல் வந்து சேர்ந்தால் அளவு ஒரு வரம்பைத் தாண்டுகிறது, இலை மூடுகிறது. கணக்கிடுவதற்கு மூளை வேண்டியதில்லை, வடியும் ஒரு பொருள் போதும் என்பது எனக்கு இச்செடி தந்த மிகப் பெரிய வியப்பு.

மூடும் அசைவை விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசிக் கேமராவில் பதிவுசெய்தேன். வெறுங்கண்ணுக்கு ஒரே வெட்டாகத் தெரியும் அசைவு, படம் படமாக நகர்த்திப் பார்க்கையில் மூன்று பகுதியாகப் பிரிகிறது. தொடக்கத்தில் மடல்கள் மிக மெதுவாக உள்நோக்கி நெருங்குகின்றன. அடுத்த சில படங்களுக்குள், வெளிப்புறம் வளைந்திருந்த மடல் திடீரென உட்குழிவாகப் புரண்டுவிடுகிறது. பின்னர் மறுபடியும் வேகம் தணிந்து பற்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்கின்றன. வளைத்துப் பிடித்த தகடு ஓர் எல்லைக்குப்பின் தானாகவே மறுபக்கம் புரள்வதைப் போன்ற இந்த நிகழ்வை 2005-இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது: மடலின் வளைவில் சேமித்திருந்த மீள்விசையே ஏறத்தாழ 0.1 விநாடியில் வெளிப்படுகிறது. தசையில்லாத செடிக்கு இவ்வேகம் கிடைப்பது அந்த வடிவத்தால்தான்.

மூடியதும் கதை முடிந்துவிடுவதில்லை. முதல் மூடலில் பற்களுக்கிடையே இடைவெளி இருக்கும். மிகச் சிறிய பூச்சிகள் அதன் வழியே வெளியேறிவிடும், அவற்றைச் செரிப்பதற்கு ஆகும் செலவு வரவைவிடக் கூடுதல் என்பது டார்வின் முன்வைத்த கருத்து. இதைத் தொடர்ந்து நான் செய்த சோதனையே எல்லாவற்றிலும் தெளிவான விடை தந்தது. உலர்ந்து இறந்த ஒரே அளவுப் பூச்சிகளை நீரில் நனைத்து இரு இலைகளில் வைத்து, இரண்டையும் தொட்டு மூடச் செய்தேன். ஓர் இலையை அப்படியே விட்டேன். மற்றதன் மடல்களை வெளியிலிருந்து தூரிகையால் சிறிது நேரம் மெல்ல வருடி, உள்ளிருக்கும் பூச்சி உணர்மயிர்களில் உரசுமாறு செய்தேன். வருடாத இலை மறுநாளே திறந்துகொண்டது, பூச்சி வைத்தபடியே கிடந்தது. வருடிய இலையில் விளிம்புகள் இறுக ஒட்டிப் பற்கள் சற்றே வெளிநோக்கிச் சாய்ந்தன, மடலின் மேல் பூச்சியின் உருவம் புடைத்துத் தெரிந்தது, ஒரு வாரத்துக்கு மேல் அது திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே வெற்றுக்கூடு மட்டுமே எஞ்சியிருந்தது.

இதன் காரணத்தை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எண்ணிக்கையோடு காட்டினார்கள். இரண்டு தொடுதல்களில் இலை மூடுகிறது. அதற்குப்பின்னும் தொடுதல்கள் தொடர்ந்தால் ஜாஸ்மோனிக் அமிலக் குறிப்பு எழுகிறது. ஏறத்தாழ ஐந்து தொடுதல்களுக்குப் பின்னரே செரிமான நொதிகளுக்கான மரபணுக்கள் முனைப்புடன் இயங்குகின்றன. மேலும் மேலும் துடிக்கும் பெரிய இரைக்குக் கூடுதல் நொதி, அசையாததற்கு ஒன்றுமில்லை. இந்த ஜாஸ்மோனிக் அமிலம், சாதாரணச் செடிகளில் புழு இலையைக் கடிக்கும்போது எழும் அதே அபாயக் குறிப்பு. பூச்சியின் கூட்டை உடைக்கும் கைட்டினேஸ் நொதியும், பூஞ்சைகளின் செல்சுவரை எதிர்க்கச் செடிகள் பழங்காலந்தொட்டு வைத்திருக்கும் கருவி. தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிரான காப்பு முறையையே இச்செடிகள் உண்ணும் முறையாக மாற்றிக்கொண்டிருக்கின்றன.

டிரோசீராவில் அசைவு மெதுவாக நடப்பதால் பொறுமையாகக் கவனிக்க முடிந்தது. இலை முழுவதும் காம்புள்ள சுரப்பிகள் நிற்க, ஒவ்வொன்றின் தலையிலும் ஒளிரும் துளி இருக்கிறது. அது பனிநீர் அல்ல, சர்க்கரைச் சங்கிலிகளாலான, அமிலத்தன்மையுள்ள பசை. பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு துளியைத் தொட்டு இழுத்தால், அறுபடாமல் மெல்லிய நூலாக நீள்கிறது. அதில் அகப்பட்ட கொசு விடுபடத் துடிக்கத் துடிக்கப் பக்கத்துத் துளிகளையும் தன்மேல் பூசிக்கொள்கிறது. அதன் மூச்சுத்துளைகள் பசையால் அடைபட்டு இறந்துபோகிறது.

மூன்று இலைகளில் மூன்று பொருள்களை வைத்தேன்: ஒன்றில் ஒரு சொட்டுத் தூய நீர், இன்னொன்றில் நன்கு கழுவிய மணல் துகள், மூன்றாவதில் வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவின் கடுகளவுத் துணுக்கு. டார்வின் 1875-இல் வெளியிட்ட பூச்சியுண்ணித் தாவரங்கள் பற்றிய நூலில் இவ்வகைச் சோதனைகளை மிக விரிவாகச் செய்திருக்கிறார். எனக்குக் கிடைத்த விடையும் அவருடையதை ஒத்திருந்தது. நீருக்கு ஒரு காம்பும் திரும்பவில்லை. மணல் துகளைச் சுற்றிய சில காம்புகள் சற்றே சாய்ந்து, பின்னர் நிமிர்ந்துவிட்டன. வெள்ளைக்கருவை நோக்கியோ விளிம்பிலுள்ள நீண்ட காம்புகளும் வளைந்து வந்தன, மறுநாள் காலையில் இலையே நடுவில் மடிந்து துணுக்கைப் போர்த்தியிருந்தது. மடிவதால் கூடுதல் சுரப்பிகள் இரையைத் தொடுகின்றன, கரைந்த சத்தும் வழிந்து வீணாவதில்லை. டயோனியா அசைவைச் சான்றாகக் கேட்கிறது என்றால், டிரோசீரா தொடுதலோடு புரதத்தையும் சுவைத்துப் பார்க்கிறது. எல்லா டிரோசீராக்களும் இவ்வளவு நிதானமானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் டிரோசீரா கிளாண்டுலிஜெராவின் வெளி விளிம்பிலுள்ள ஒட்டாத காம்புகள், ஊர்ந்து வரும் பூச்சியை 0.1 விநாடிக்கும் குறைவான நேரத்தில் இலையின் நடுவே தூக்கி எறிகின்றன.

நெப்பந்தஸ் குடுவையில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. அதன் மூடி திறந்து மூடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. குடுவை முதிர்ந்து ஒருமுறை திறந்தபின் மூடி மறுபடி இறங்குவதே இல்லை, பெரும்பாலும் மழைநீர் நிறைந்து உள்ளிருக்கும் நீர்மம் நீர்த்துப்போகாமல் காக்கிறது. ஆகவே இங்கே சான்று கேட்கும் இடமே இல்லை என்று எண்ணித்தான் சோதனையைத் தொடங்கினேன். ஆனால் நான் மிகுதியான நேரம் செலவிட்டது குடுவையின் வாய் விளிம்பின்முன்னால்தான்.

வளையம்போல் சுருண்ட அவ்விளிம்பில், வெளியிலிருந்து உட்பக்கம் நோக்கி நுண்ணிய வரிகள் நெருக்கமாக ஓடுகின்றன. உள் ஓரத்தில் அவை சிறு பற்களாக முடிய, அப்பற்களுக்கிடையே தேன் ஊறுகிறது. வெயில் ஏறிய உலர்ந்த நேரத்தில் எறும்புகள் அதன்மேல் தரையில் நடப்பதுபோல் நடந்து, தேனை உண்டு, திரும்பிப் போயின. பின்னர் தெளிப்பானால் விளிம்பை ஈரமாக்கிவிட்டுக் காத்திருந்தேன். அதே இடத்துக்கு வந்த எறும்பின் முன்கால் வழுக்கியது, நின்று சமாளிக்க முயன்ற பின்கால்களும் பிடி இழந்தன, அடுத்த கணம் அது குடுவைக்குள் இருந்தது. சிரிஞ்சின் நுனியால் விளிம்பின் உள் ஓரத்தில் ஒரு சிறு நீர்த்துளியை வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். துளி உருண்டையாக நிற்கவில்லை. வரிகளுக்கிடையே புகுந்து, வெளி விளிம்பு நோக்கி மேலேறி, ஒரு மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. எறும்பின் பாதத்திலுள்ள ஒட்டும் திண்டுக்கும் பரப்புக்கும் இடையே அந்நீர்ப்படலம் நின்று பிடியைக் கெடுக்கிறது. ஈரமான விளிம்பே வழுக்கும் என்பதைப் போன், பெடர்லே என்னும் ஆய்வாளர்கள் 2004-இல் நிறுவினார்கள்.

அப்படியானால் பகலெல்லாம் உலர்ந்து, பூச்சிகளை வெறுமனே உண்ணவிட்டு அனுப்புவது பொறியின் குறை அல்லவா என்ற ஐயம் எழும். நெப்பந்தஸ் ராப்லேசியானா என்னும் வேறொரு குடுவைச் செடியில் செய்யப்பட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தந்தது. எப்போதும் ஈரமாக வைக்கப்பட்ட குடுவைகளைவிட, இயல்பாக உலர்ந்தும் நனைந்தும் வந்த குடுவைகள் எறும்புகளைக் கூட்டமாகப் பிடித்தன. தேடி வரும் முதல் எறும்பு உயிரோடு திரும்பினால்தான் அது கூட்டத்தை அழைத்துவரும், அக்கூட்டம் வரும் வேளையில் விளிம்பு நனைந்திருந்தால் வரவு பன்மடங்கு. என் செடியிலும் மழைத்தூறலுக்குப் பிந்தைய மாலைகளிலேயே குடுவைகளில் எறும்புகள் குவியலாகக் கிடந்தன. அசையவே முடியாத இப்பொறி, ஈரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

வாடத் தொடங்கிய ஒரு குடுவையை நெடுக வெட்டி உட்சுவரைப் பார்த்தேன். மேற்பகுதி சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. மென்மையான தூரிகையால் தடவினால் வெண்பொடி ஒட்டுகிறது. அது மெழுகுப் படிகம். ஏற முயலும் பூச்சியின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிடுவதால் பிடி கிடைப்பதில்லை. கீழ்ப்பகுதி பளபளப்பானது. அங்கே ஒவ்வொரு செரிமானச் சுரப்பியின் மேலும் கீழ்நோக்கிய சிறு கூரைபோல் தோல் மடிந்திருக்கிறது, நகம் மாட்டிக்கொள்ளக்கூடிய விளிம்பு மேலே எங்கும் இல்லை. இன்னும் திறக்காத குடுவையிலிருந்து சிரிஞ்சால் எடுத்த நீர்மம் லிட்மஸ் வகை அளவுத்தாளில் ஏறத்தாழ நடுநிலையாக இருந்தது. எறும்புகள் விழுந்த குடுவையின் நீர்மமோ தாளைச் செந்நிறமாக்கி, பிஎச் 3 அளவைக் காட்டியது. நெப்பந்தஸின் புரதம் சிதைக்கும் நொதியான நெப்பந்தெசின் இந்த அமிலச் சூழலில்தான் நன்கு வேலை செய்கிறது. இரை வருவதற்கு முன்னர் அமிலத்தைக் கூட்டாமல் வைத்திருப்பதும் அதே சிக்கனத்தின் இன்னொரு முகமாகவே எனக்குப் படுகிறது.

யூட்ரிகுலேரியா இவ்வொழுங்குக்கு விதிவிலக்கு. வேரே இல்லாத இந்நீர்ச்செடியின் பொறிகளான பைகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவே உள்ளவை. கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் பார்த்தால், தயார் நிலையிலுள்ள பையின் சுவர்கள் உட்குழிந்திருக்கும். உள்ளிருக்கும் நீரை இடைவிடாமல் வெளியேற்றிச் செடி அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. கதவின்மேலுள்ள மயிரை ஊசி நுனியால் ஒரே ஒருமுறை தொட்டவுடன் பை சட்டெனப் புடைத்தது. கதவு திறந்து நீர் உள்ளே பாய்ந்து மறுபடி கதவு சாத்தப்படுவது ஒரு மில்லிவிநாடியை ஒட்டிய நேரத்தில் முடிந்துவிடுவதால், என் கேமராவில் முன்னும் பின்னுமான நிலைகள் மட்டுமே பதிவாயின. அரைமணி நேரத்துக்குப் பின் சுவர்கள் மீண்டும் உட்குழிந்து பை தயாராகியிருந்தது. செடியை நீரிலிருந்து வெளியே தூக்கியபோது பைகள் அடுத்தடுத்து இயங்கிக் காற்றை உறிஞ்சும் மெல்லிய வெடிப்பொலி காதுக்கே கேட்டது.

இங்கே இரண்டாம் தொடுதல் தேவையில்லை, சுவையும் பார்க்கப்படுவதில்லை. நெடுநேரம் எதுவும் தொடாவிட்டாலும் பைகள் தாமாகவே இயங்கி நீரை உறிஞ்சுகின்றன என்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அழுத்தத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிட்டதால், செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இரையாகும் நீர்த்தெள்ளுப்பூச்சி என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி அரை விநாடிகூட நிற்காது என்பதால் காத்திருந்து சரிபார்க்க வாய்ப்பும் இல்லை. அதன் விளைவு பழைய பைகளைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. நீர்த்தெள்ளுப்பூச்சிகளின் வெற்றோடுகளோடு பச்சைப் பாசிகளும் நிறைய உள்ளே கிடக்கின்றன, பல பைகளில் பூச்சியைவிடப் பாசியே மிகுதி. அந்தப் பாசியிலிருந்தும் செடி சத்து பெறுகிறதா என்பதைப் பார்க்க, பாசியில்லாத மழைநீரில் ஒரு கிண்ணமும் பாசி படர்ந்த நீரில் ஒரு கிண்ணமுமாக இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் அருகருகே வைத்து, இழைகளின் நீளத்தை அளந்து குறித்துவருகிறேன்.